செஸ்ல உங்கள விட 400 ரேட்டிங் அதிகமா இருக்கறவங்களோட ஆடும்போது: பேரிங் ஷீட்ல இருந்து அனாலிசிஸ் வரைக்கும் முழு வழிகாட்டி

ரேட்டிங் டோர்னமெண்ட் முதல் நாள் காலைல மண்டபத்து சுவத்துல பேரிங் ஷீட் ஒட்டுவாங்க பாருங்க, அந்த ஷீட்டுக்கு முன்னாடி நிக்கற பசங்க மூஞ்சிய பார்த்தாலே யாருக்கு யாரு விழுந்திருக்காங்கன்னு சொல்லிடலாம். விரல வெச்சு தன் பேர தேடும், அப்படியே நேரா பக்கத்துல இருக்கற நம்பர பார்க்கும், 1850ன்னு இருந்தா அங்கயே பாதி ஆட்டம் தோத்த மாதிரி தோள் இறங்கிடும். நான் தர்மபுரியில சனி ஞாயிறு பசங்களுக்கு செஸ் சொல்லித் தரேன், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர்ல இருந்தெல்லாம் பஸ் புடிச்சு வராங்க, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ரெண்டு மூணு பேரு, நானும் டோர்னமெண்ட் ஆடறவன்தான். பெத்தவங்க என்கிட்ட அதிகமா கேக்கற கேள்வி இதுதான், "சார், பெரிய ரேட்டிங் விழுந்துடுச்சு, என்ன பண்ணச் சொல்றது?" போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடியற விஷயம் இல்ல, அதனால மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு புரிஞ்சுக்கங்க

ரேட்டிங் கணக்க உருவாக்கினவரு ஆர்பாட் ஈலோ, ஹங்கேரியில பொறந்து அமெரிக்காவுல பிசிக்ஸ் புரொஃபசரா இருந்தவரு. 1970ல இருந்து உலக செஸ் சம்மேளனமான ஃபிடே இத எடுத்துக்கிச்சு. இது ஒருத்தருக்கு போடற மார்க் கிடையாது, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்த வெச்சு எத்தன பாயிண்ட் எதிர்பார்க்கலாம்னு சொல்ற கணக்கு, அவ்ளோதான். ஃபிடே டேபிள்படி வித்தியாசம் 200ன்னா சின்ன ரேட்டிங்காரருக்கு எதிர்பார்ப்பு 0.24, 300ன்னா 0.15, 400ன்னா 0.08. அதாவது 400 வித்தியாசத்துல நூறு ஆட்டம் ஆடினா எட்டு பாயிண்ட் உங்களுக்கு வரணும்னு அந்த கணக்கே ஒத்துக்குது. டிராவா வந்தா பதினாறு டிரா. சும்மா இல்லங்க அது.

இப்ப காசு கணக்கு மாதிரி பாருங்க. உங்க பாப்பாவுக்கு 1450ன்னு வெச்சுக்கங்க, எதிர்ல 1850. பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு, ரேட்டிங் 2300க்கு கீழ இருக்கற வரைக்கும் கே ஃபேக்டர் (எதிர்பார்ப்புக்கும் எடுத்த பாயிண்டுக்கும் உள்ள வித்தியாசத்த பெருக்கற எண்) 40. தோத்தா போறது 3.2. டிரா பண்ணா வர்றது 16.8. ஜெயிச்சா 36.8. முப்பது ஆட்டம் முடிச்ச பெரியவங்களுக்கு கே 20, எல்லாத்தையும் பாதியா போட்டுக்கங்க. இழக்கறதுக்கு மூணு, கிடைக்கறதுக்கு பதினேழோ முப்பத்தேழோ. பயப்பட வேண்டியது எதிர்ல உக்காந்திருக்கறவருதான், அவருக்குத்தான் இந்த ஆட்டத்துல நஷ்டம் அதிகம். இத பசங்ககிட்ட நோட்டுல எழுதி கணக்கு போட வெச்சு காட்டுங்க, வாயால "பயப்படாத"ன்னு சொல்றத விட இது நல்லா வேலை செய்யுது.

இன்னொண்ணு, 2024 மார்ச் 1ல இருந்து ஃபிடே கீழ் வரம்ப 1400ன்னு ஆக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி 1000ல இருந்தவங்க எல்லாம் மேல தூக்கப்பட்டாங்க. அதனால பழைய 1400 வேற, இப்ப இருக்கற 1400 வேற. பழைய அளவ மனசுல வெச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கறவங்கள எடை போடாதீங்க.

"ஏன் சார் என் பையனுக்கு மட்டும் முதல் ரவுண்டே பெரிய ஆளு?"

யாரும் வேணும்னு பண்றது இல்லங்க. ஸ்விஸ் முறையில எல்லாரையும் ரேட்டிங் வரிசையில நிறுத்தி நடுவுல வெட்டுவாங்க, மேல் பாதியோட முதல் ஆளுக்கு கீழ் பாதியோட முதல் ஆளு. எண்பது பேரு ஆடினா 1க்கு 41, 2க்கு 42, இப்படியே போகும். அதனால கீழ் பாதியில இருக்கற ஒவ்வொரு புள்ளைக்கும் முதல் ரவுண்டு பெரிய ஆளுதான். ரெண்டாவது ரவுண்டுல இருந்து ஒரே பாயிண்ட்ல இருக்கறவங்களுக்குள்ள பேரிங், அப்ப தானா சமமாகும். முதல் ரவுண்டுல டிராவோ ஜெயமோ எடுத்தா அடுத்தும் கஷ்டமான ஆளுதான் வருவாங்க, அதுக்கும் தயாரா இருக்கணும்.

முந்தின நாளும் அன்னிக்கு காலையும்

இங்க ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. புதுசா எந்த ஓப்பனிங்கும் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ் வரிசை) படிக்காதீங்க. எதிராளி பேர போட்டு நெட்ல தேடி ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் முழிக்காதீங்க, நம்ம லெவல் ஆட்டங்கள் பெரும்பாலும் டேட்டாபேஸ்ல இருக்காது. கலர் என்னன்னு பாருங்க, போதும். ரெண்டாவது ரவுண்டுக்கு மேலன்னா, முந்தின ரவுண்டுல உங்க ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிருந்தா நடந்து போயி மேல் போர்டுகள்ல யாரு என்ன ஓப்பனிங் ஆடறாங்கன்னு பார்த்து வெச்சுக்கங்க, அது பிரயோஜனம்.

பையில ரெண்டு பேனா, தண்ணி, கடலை மிட்டாயோ வாழைப்பழமோ. ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கத்துல இருந்து வர்றவங்க கடைசி பஸ்ஸ நம்பி வராதீங்க, ஒரு பஸ் முன்னாடி புடிங்க, ஓடி வந்து மூச்சு வாங்கிட்டே உக்காந்து ஆடற முதல் பத்து மூவ் எப்படி இருக்கும்னு நான் நிறைய பார்த்துட்டேன். போன் அப்பா அம்மா கையில, ஹாலுக்கு வெளிய. பையில ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் ஆர்பிட்டர்கிட்ட, அதாவது நடுவர்கிட்ட, கேக்காம உள்ள எடுத்துட்டு போகாதீங்க, ஆட்டமே போயிடும்.

ஓப்பனிங்: புரிஞ்ச இடத்துக்கு கூட்டிட்டு போங்க

பெரிய ரேட்டிங்னா ஏதாவது டிரிக் வெச்சு மூணு மூவுல கவுத்துடலாம்னு யூடியூப் பார்த்துட்டு வர்ற பசங்க ஒரு பக்கம். அது 1850கிட்ட செல்லாது, அவரு அதே வீடியோவ அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்திருப்பாரு. இன்னொரு பக்கம் எல்லாத்தையும் சமமாக்கிடலாம்னு ஃபிரெஞ்ச் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆடி பத்து மூவுக்குள்ள போர்ட காலி பண்ணப் பார்க்கறவங்க. இது இன்னும் மோசம், ஏன்னு கீழ சொல்றேன்.

நான் எங்க பசங்களுக்கு வெள்ளைல லண்டன் சிஸ்டம், கருப்புல இ4க்கு காரோ-கான் சொல்லித் தரேன் (நெடுக்கு வரிசைக்கு ஏல இருந்து எச் வரைக்கும் எழுத்து, குறுக்கு வரிசைக்கு ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நம்பர், ரெண்டும் சேர்ந்தா கட்டத்தோட பேரு). இதுதான் உலகத்துலயே பெஸ்ட்னு சொல்லல, நூறு தடவ ஒரே மாதிரி நிலைமைக்கு வந்து பழகினா அந்த நிலைமைல எந்த பீஸ் எங்க போகணும்னு கைக்கே தெரிஞ்சிடும்ங்கறதுக்காக.

ஒரு உதாரணம் போர்டு வெச்சு பாருங்க. வெள்ளை டி4, கருப்பு டி5, பிஷப் எஃப்4, குதிரை எஃப்6, இ3, இ6, குதிரை எஃப்3, இப்ப கருப்பு பிஷப்ப டி6ல கொண்டாந்து உங்க பிஷப்ப முறைக்கும். பயப்படற பசங்க பட்டுனு எடுத்துடுவாங்க. எடுக்காதீங்க, ஜி3க்கு பின்னாடி வாங்க. கருப்பு கேஸ்லிங் (கிங்கயும் ரூக்கயும் ஒரே மூவ்ல நகத்தி கிங்க பத்திரப்படுத்தறது) பண்ணும், நீங்க இன்னொரு பிஷப்ப டி3ல வைங்க. இப்ப அவரு ஜி3ல எடுத்தா நீங்க எச் பானால (சிப்பாயால) திருப்பி எடுக்கறீங்க, கேஸ்லிங் பண்ணாம எச்1ல நிக்கற உங்க ரூக்குக்கு எச் ஃபைல் (நெடுக்கு வரிசை) திறந்துடுச்சு, டி3 பிஷப்பும் எச்7தான் பார்க்குது. அவரு எடுத்த ஒரு பீஸால உங்க ரெண்டு பீஸுக்கு வேலை கிடைச்சிடுச்சு. பீஸுக்கு பீஸ் வெட்டி மாத்தறத அவரு மாத்தட்டும், அதுல நமக்கு என்ன கிடைக்குதுன்னு மட்டும் பாருங்க.

கடிகாரம்

தொண்ணூறு நிமிஷம், மூவுக்கு முப்பது செகண்ட் கூடற ஆட்டத்துல நம்ம பசங்க பண்ற ஒரே பெரிய தப்பு, எதிராளி வேகத்துக்கு ஆடறது. அவரு முதல் பன்னண்டு மூவையும் டக்கு டக்குனு வெச்சிட்டு எழுந்து போயி மத்த போர்ட சுத்தி பார்ப்பாரு, இவங்களும் அதே மாதிரி வெப்பாங்க, இருபது மூவுல தோத்துட்டு ஸ்கோர் ஷீட்ட பார்த்தா இன்னும் எழுபது நிமிஷம் பாக்கி இருக்கும். எழுபது நிமிஷத்த வெச்சுக்கிட்டு தோக்கறது எனக்கு மனசே ஆறாது. நான் சொல்ற கணக்கு இது: பத்தாவது மூவ்ல இருந்து இருபத்தஞ்சாவது மூவ் வரைக்கும்தான் உங்க நேரத்துல பெரும்பகுதி போகணும், அங்கதான் ஆட்டம் முடிவாகுது, முப்பத்தஞ்சாவது மூவுக்கு அப்புறம் கையில ஒரு பதினஞ்சு நிமிஷமாவது மிச்சம் இருக்கணும். ஸ்கோர் ஷீட்ல அஞ்சு மூவுக்கு ஒரு தடவ மிச்ச நேரத்த பக்கத்துல எழுதிட்டு வாங்க, அது அனுமதி உண்டு. ஆனா மூவ வெக்கறதுக்கு முன்னாடியே எழுதக்கூடாது, வெச்சிட்டுதான் எழுதணும், டிரா கேக்கும்போது மட்டும் வேற, அத பின்னாடி சொல்றேன்.

நம்மூர்ல நடக்கற ஒரு நாள் டோர்னமெண்ட் எல்லாம் ரேபிட்தான், அங்க இவ்ளோ யோசிக்க நேரம் இருக்காது, ஆனா எதிராளி வேகத்துக்கு ஆடாதீங்கங்கறது அங்கயும் அதேதான்.

ஒவ்வொரு மூவுக்கும் இத பண்ணுங்க

கை ரெண்டையும் தொடைக்கு அடில வெச்சுக்கங்க. நிஜமாவே வெச்சுக்கங்க. டச் மூவ் சட்டம் இருக்கு, தொட்டா அத ஆடியே ஆகணும், அதனால கை மேல வர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி முடிஞ்சிருக்கணும். அவரு இப்ப வெச்ச மூவுக்கு என்ன காரணம், அடுத்து என்ன பண்ணப் போறாரு? நான் வெக்கப் போற மூவுக்கு அப்புறம் அவருக்கு என்னென்ன செக் இருக்கு, என்னென்ன வெட்டு இருக்கு? என் பீஸ்லயே எது காவல் இல்லாம சும்மா நிக்குது?

இதுல முதல் கேள்வியத்தான் பசங்க விட்டுடுவாங்க, தன் பிளான்லயே மனசு இருக்கும். பெரிய ரேட்டிங்காரரு ஒரு மூவுக்கு ஒரு காரணம் வெச்சு ஆடறதில்ல, ரெண்டு காரணம் வெச்சிருப்பாரு, முதல் காரணம் கண்ணுக்கு தெரியும், ரெண்டாவது தேடினாதான் கிடைக்கும். ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திடாம இன்னொண்ணு தேடுங்க.

அதோட, கேஸ்லிங் பண்ணும்போது கிங்க முதல்ல தொடுங்க, ஒரே கையால. ரூக்க முதல்ல தொட்டுட்டு கிங்க தொட்டா அந்த பக்கம் கேஸ்லிங்கே போச்சு. பான் கடைசி வரிசைக்கு போயி குயின் ஆகும்போது குயின் பக்கத்துல இல்லன்னா கடிகாரத்த நிறுத்திட்டு ஆர்பிட்டர கூப்பிட்டு கேளுங்க, ரூக்க தலைகீழா வெச்சு குயின்னு சொல்லாதீங்க, அது ரூக்குதான்னு சொல்லிடுவாங்க. இந்த மாதிரி விஷயத்துல அனுபவசாலிகள்கிட்ட நம்ம பசங்க நிறைய இழக்கறாங்க, அதனாலதான் நடுவுல சொல்றேன்.

பீஸ மாத்தி தப்பிக்கப் பார்க்காதீங்க

இந்த மொத்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கங்கன்னா இதத்தான் சொல்வேன். பயந்தவங்களுக்கு போர்டுல பீஸ் குறைஞ்சா ஆபத்து குறையும்னு தோணும், குயின மாத்திடு, ரூக்க மாத்திடு, ஒண்ணும் இல்லாம போனா டிராதானேன்னு. ஆனா 1450க்கும் 1850க்கும் நடுவுல எங்க வித்தியாசம் அதிகம்னா எண்ட்கேம்லதான், அதாவது பீஸ் குறைஞ்ச கடைசி கட்டத்துலதான். மிடில்கேம்ல குழப்பத்துல அவருக்கும் தப்பு வரும், யாருக்கும் வரும். பத்து பீஸ் போயி கிங்கும் நாலு பானும் நிக்கும்போது அவருக்கு தப்பே வராது, ஒவ்வொரு மூவா கால் இன்ச் கால் இன்ச்சா நெருக்கி எடுத்துட்டு போயிடுவாரு. நீங்க ஆபத்த குறைக்கல, அவருக்கு நல்லா தெரிஞ்ச தெருவுக்கு நீங்களே கூட்டிட்டு போறீங்க.

இது சின்ன பசங்க தப்பு மட்டும் இல்ல. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல வேர்ல்டு சாம்பியன்ஷிப் பதினாலாவது ஆட்டம், நம்ம குகேஷ் பதினெட்டு வயசுல சாம்பியன் ஆன ஆட்டம், அதுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அது வரைக்கும் சாம்பியனா இருந்த டிங் லிரென் ஒரு பான் கம்மி, ஆனா டிரா ஆகற நிலைமைதான், ரெண்டு பேருக்கும் ரூக்கும் ஒரே கலர் பிஷப்பும். ஐம்பத்தஞ்சாவது மூவ்ல டிங் ரூக்க எஃப்2ல வெச்சு மாத்திக்கலாம்னு கூப்பிட்டாரு. குகேஷ் ரூக்க வெட்டினாரு, அடுத்து பிஷப்பையும் மாத்தியே ஆகணும்ங்கற மாதிரி டி5ல கொண்டாந்து வெச்சாரு, மூலையில மாட்டின டிங்கோட பிஷப்புக்கு போக்கிடமே இல்ல. மிச்சம் வெறும் பான் எண்ட்கேம், அது தோல்வி. ஐம்பத்தெட்டு மூவ்ல முடிஞ்சுது. ஒரு உலக சாம்பியனே "மாத்திட்டா முடிஞ்சிடும்"னு நெனச்ச இடத்துல பட்டத்த விட்டுட்டாரு.

அதனால மாத்தறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: மாத்தினதுக்கு அப்புறம் யாரோட மிச்ச பீஸ் நல்லா இருக்கு? பதில் நீங்கன்னா மாத்துங்க, அவருன்னா மாத்தாதீங்க, தெரியலன்னா மாத்தாதீங்க. நீங்க ஒரு பீஸ் கம்மியா இருந்தா பான்கள மாத்துங்க, பீஸ்கள வெச்சுக்கங்க. அதிகமா இருந்தா தலைகீழ்.

எங்க பாலக்கோட்டு பாப்பா ஆட்டம்

இத நேர்ல பார்த்தேன். பதிமூணு வயசு பாப்பா, அப்பா தக்காளி மண்டியில வேலை, விடியக்காலைல மண்டி முடிச்சிட்டு அதே சட்டையோட கூட்டிட்டு வந்துட்டாரு. எதிர்ல ஏறக்குறைய 400 ரேட்டிங் அதிகமான காலேஜ் பையன். மேல சொன்ன அதே லண்டன், அவரு ஜி3ல எடுத்தாரு, எச் ஃபைல் திறந்துச்சு, பாப்பா நல்லா அழுத்திச்சு, எச்7 பானும் போச்சு, அவரு எஃப் பான தள்ளி எப்படியோ தடுத்துட்டாரு. அப்புறம் அவசரப்பட்டு ஒரு குதிரைய விட்டுடுச்சு. சுத்தி நின்ன பெரியவங்க முடிஞ்சுதுன்னு நகந்துட்டாங்க.

அந்த பையன் ரெண்டு தடவ குயின் மாத்தக் கூப்பிட்டான். ரெண்டு தடவையும் பாப்பா குயின நகத்திடுச்சு. அவன் கடிகாரத்த அடிக்கற சத்தம் கூடிட்டே போச்சு, இது கை ரெண்டும் தொடைக்கு அடில, உதட்ட மடிச்சுக்கிட்டு போர்டையே பார்த்துட்டு இருந்துச்சு. அப்புறம் குயின இ8ல செக்னு வெச்சுது. கிங் எச்7 போச்சு. எச்5ல செக். கிங் திரும்ப ஜி8. எச்7 பானும் இல்ல எஃப்7 பானும் இல்ல, கிங்குக்கு வேற வீடே கிடையாது, நடுவுல கொண்டாந்து மறைக்க பீஸும் இல்ல. மறுபடி இ8, மறுபடி எச்5.

இங்க சட்டத்த சரியா தெரிஞ்சுக்கங்க, ஏன்னா இங்கதான் நம்ம பசங்க டிராவ கோட்டை விடறாங்க. ஒரே நிலைமை, ஒரே ஆள் ஆட வேண்டிய முறையில, மூணாவது தடவ வரப் போகுதுன்னா, அந்த மூவ போர்டுல வெக்காதீங்க. ஸ்கோர் ஷீட்ல மட்டும் எழுதுங்க, கடிகாரத்த நிறுத்துங்க, கைய தூக்கி ஆர்பிட்டர கூப்பிட்டு "இந்த மூவ வெச்சா மூணாவது தடவ"ன்னு சொல்லுங்க. வாயால "சார் டிரா"ன்னு எதிராளிகிட்ட சொல்லிட்டு மூவ வெச்சு கடிகாரத்த அடிச்சிட்டா அந்த உரிமை போச்சு, அடுத்த தடவைக்குத்தான் கேக்க முடியும். தப்பா கேட்டா எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூட கிடைக்கும், அதுக்கு பயந்து கேக்காம இருக்காதீங்க.

பாப்பா எழுதிச்சு, பேனா முள்ளு பேப்பர குத்தற மாதிரி அழுத்தி, கடிகாரத்த நிறுத்திச்சு, கைய தூக்குச்சு. ஆர்பிட்டர் ஷீட்ட வெச்சு மூவ ஒண்ணொண்ணா சரி பார்த்தாரு. டிரா. அந்த ரெண்டு தடவைல ஒரு தடவ குயின மாத்தியிருந்தா ஒரு குதிரை கம்மியோட இருபது மூவ்ல தோத்திருக்கும்.

எண்ட்கேமுக்கு வந்தே ஆகணும்னா

சில நேரம் வேற வழி இருக்காது. அப்ப தெரிஞ்சிருக்க வேண்டியது மூணு நாலு டிரா நிலைமைதான், ஆனா அத தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் ஆடணும். வேற வேற கலர் பிஷப் இருந்தா ஒரு பான் கம்மியா இருந்தாலும் புடிச்சு நிக்கலாம், சில சமயம் ரெண்டு பான் கம்மியா இருந்தாலும். எச் பானோட வெள்ளை கட்ட பிஷப் வெச்சிருக்கறவரு, உங்க கிங் எச்8 மூலைக்கு போயிட்டா ஜெயிக்கவே முடியாது, ஏன்னா எச்8 கருப்பு கட்டம், அந்த பிஷப்பால அந்த மூலைய தொட முடியாது. ஏ பானுக்கு கருப்பு கட்ட பிஷப்புன்னா அதே கதை, ஏ8 வெள்ளை கட்டம்.

எல்லாத்த விட முக்கியம் ஃபிலிடோர். பதினெட்டாம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்தவரு, இசையமைப்பாளரும்கூட, அவரு காட்டின நிலைமை இது. வெள்ளை: கிங் டி5, பான் இ5, ரூக் ஏ7. கருப்பு நீங்க: கிங் இ8, ரூக் பி6. உங்க வேலை, ரூக்க ஆறாவது வரிசையிலயே வெச்சிருக்கறது, பி6, எச்6, பி6, எச்6, வேற ஒண்ணும் இல்ல. வெள்ளை கிங் ஆறாவது வரிசைக்கு ஏறவே முடியாது. ஒரு நாள் பொறுமை போயி அவரு பான இ6க்கு தள்ளுவாரு. அந்த மூவ்ல, அந்த ஒரே மூவ்லதான், உங்க ரூக் ஆறாவது வரிசைய விட்டு பி1க்கு இறங்கணும். இப்ப அவரு கிங் டி6 போனா நீங்க டி1ல செக், இ5 வந்தா இ1ல செக், எஃப்6 போனா எஃப்1ல செக். முன்னாடி பான் கீழ இருந்தப்ப கிங் ஒளிஞ்சுக்க பான் முன்னாடி இடம் இருந்துச்சு, இப்ப பானே அந்த இடத்துல நிக்குது, ஒளிய இடம் இல்ல.

போன வருஷம் எனக்கே இது வந்துச்சு, என்னை விட 300 ரேட்டிங் அதிகமானவரு, தர்மபுரியில ஒரு மண்டபத்துல, ஃபேன் சத்தம், வெளிய சாப்பாட்டு பாத்திரம் கழுவற சத்தம், மணி ரெண்டரை, ஹால்ல எங்க போர்டு மட்டும்தான். பதினாலு மூவு நான் பி6, எச்6ன்னே ஆடினேன். ஒவ்வொரு தடவையும் கை தானா செக் குடுக்கப் போகும், ஏதாவது பண்ணணும்னு இருக்கும், சும்மா இருக்கறது அவ்ளோ கஷ்டம். பதினஞ்சாவது மூவ்ல அவரு பான தள்ளினாரு. உடனே ஆடல, ஒரு நிமிஷம் முழுசா எடுத்துக்கிட்டு, போர்டுல வேற எதுவும் மாறலன்னு பார்த்துட்டு, அப்புறம் ரூக்க கீழ இறக்கினேன். நாலு செக் வாங்கிட்டு அவரே கைய நீட்டினாரு. இந்த நிலைமைய உங்க புள்ளைக்கு அடுத்த டோர்னமெண்டுக்கு முன்னாடி அம்பது தடவ ஆட வைங்க, ஒரு தடவ நீங்க வெள்ளை, ஒரு தடவ அவங்க. அம்பது தடவ.

ஜெயிக்கற நிலைமை வந்துட்டா

இது நடக்கும், நெனச்சத விட அதிகமா நடக்கும். அப்ப மனசு என்ன சொல்லும்னா, "அவரு இவ்ளோ பெரிய ஆளு, இத பார்க்காம விட்டிருப்பாரா, ஏதோ டிராப் இருக்கு." தேடுங்க, ரெண்டு நிமிஷம் முழுசா தேடுங்க. கிடைக்கலன்னா எடுத்துடுங்க. அவரும் மனுஷன்தான், பிளண்டர் பண்ணிட்டாரு.

ஒரு காலத்துல பிஷப்ப குடுத்து ரூக்க வாங்கி மேல நின்னுட்டு, எதிர்ல 2000ங்கறதுக்காக நானே டிரா ஆஃபர் பண்ணேன். அவரு மூஞ்சில தெரிஞ்ச நிம்மதிய இன்னிக்கும் மறக்க முடியல. வீட்டுக்கு வந்து இன்ஜின்ல (செஸ் கணக்கு போடற கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டா எனக்கு ஜெயம். அதனால எங்க பசங்களுக்கு ஒரு கட்டளை: பெரிய ரேட்டிங்காரரு டிரா கேட்டா அது மரியாதை இல்ல, உனக்கு ஒரு தகவல், அவருக்கு ஏதோ பிடிக்கலங்கற தகவல். உடனே கை குடுக்காத, "யோசிக்கறேன் அண்ணா"ன்னு சொல்லு, உன் நேரத்துல யோசி, நிலைமை நல்லா இருந்தா மூவ வெச்சிடு, மூவ வெச்சாலே வேண்டாம்னு அர்த்தம்.

2022 பிப்ரவரியில ஆன்லைன் ரேபிட்ல பிரக்ஞானந்தா அப்ப உலக சாம்பியனா இருந்த கார்ல்சன ஜெயிச்சப்ப பதினாறு வயசு, ரேட்டிங் வித்தியாசம் சுமார் 250. கார்ல்சன் தப்பு பண்ணப்ப அந்த பையன் அத நம்பினான்.

நீங்களே பெரிய ரேட்டிங்கா இருந்தா

சுருக்கமா சொல்றேன். எதிர்ல எட்டு வயசு புள்ள உக்காந்திருந்தாலும் இதே மூணு கேள்விய கேளுங்க. மட்டமான டிரிக் ஆடி சீக்கிரம் முடிக்கப் பார்க்காதீங்க, சாதாரணமா ஆடினாலே போதும், ஆட்டத்த நீட்டுங்க. ஆட்டம் முடிஞ்சதும் அந்த புள்ளைகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசுங்க. ஒரு டோர்னமெண்ட்ல ஒரு பெரியவரு அன்ரேட்டட் பையன ஜெயிச்சிட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட "இது ஃப்ரீ பாயிண்ட்"னு அவன் காதுல விழற மாதிரி சொன்னாரு. அந்த பையன் அரூர் போற பஸ்ல ஏறி மூணு மாசம் கிளாஸுக்கு வரல.

ஆட்டம் முடிஞ்சதும்

தோத்தாலும் எதிராளிகிட்ட "அண்ணா, அனாலிசிஸ் பண்ணலாமா?"ன்னு கேளுங்க, அனாலிசிஸ் ரூம்ல, ஹால்ல இல்ல. நெறைய பேரு ஒத்துக்குவாங்க, நம்ம பசங்கதான் கூச்சப்பட்டு கேக்காம ஓடி வந்துடறாங்க. 1850 ஒருத்தரு உக்காந்து "இங்க நான் இதுக்குதான் பயந்தேன்"னு சொல்றது எந்த கோச்சும் தர முடியாத பாடம், அதுக்கு காசும் கிடையாது.

இன்ஜின அன்னிக்கே தொறக்காதீங்க. முதல்ல நோட்டுல நீங்களே எழுதுங்க, எங்க பயந்தேன், எங்க அவசரப்பட்டேன், எந்த மாத்தல் பயத்துல மாத்தினது. மறுநாள் இன்ஜின்ல போட்டு ஒப்பிட்டு பாருங்க.

பாப்பா அந்த டிராவுக்கு அப்புறம் அப்பாவோட மண்டபத்து படிக்கட்டுல உக்காந்து எழுதிச்சு. நோட்ட வாங்கி பார்த்தேன், டிராவ பத்தி ஒரு வரிதான், மீதி ஒரு பக்கம் முழுக்க அந்த குதிரைய விட்ட மூவ பத்தி. உள்ள ரெண்டாவது ரவுண்டு பேரிங் ஒட்டிட்டாங்கன்னு யாரோ கத்தினாங்க. அப்பா எழுந்து பார்த்துட்டு வந்தாரு, "1790டா கண்ணு, கருப்பு." பாப்பா நோட்ட மூடி பையில வெச்சிட்டு, "சார், காரோ-கான்தானே?"ன்னு கேட்டுட்டு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு உள்ள போச்சு.